வந்திருக்கக்கூடியவரும் வந்திருக்க வேண்டியவரும்

ஒரு கடையில் செல்ஃபோன் காணாமல் போகிறது. அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும். ‘தி பாய் ஹூ ஸ்டோல் தி ஃபோன்’ என்று எழுதினால், ஃபோனைத் திருடிய பையன். விசாரணையே தேவையில்லை, தீர்ப்பை நாமே எழுதிவிட்டோம். ‘தி பாய் ஹூ மே ஹேவ் ஸ்டோலன் தி ஃபோன்’ என்றால், அவன் திருடியிருக்கலாம் என்பது எழுதுகிறவரின் ஊகம். ‘தி பாய் ஹூ அலெஜட்லி ஸ்டோல் தி ஃபோன்’ என்றால், திருடியதாக யாரோ சொல்கிறார்கள். எழுதுகிறவர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இரண்டாவது வரியில் வேலை செய்தது ‘மே’ என்கிற துணைவினை. மூன்றாவதில் ‘அலெஜட்லி’ என்கிற வினையடை. பையன் ஒருவன்தான், ஃபோனும் ஒன்றுதான். ஆனால் முதல் வரியை அச்சில் ஏற்றினால் வக்கீல் நோட்டீஸ் வரக்கூடும்.

‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்று தொடங்கி ஒரு பெயர்ச்சொல்லை விளக்கும் உட்தொடரை ஆங்கில வகுப்பில் ரிலேட்டிவ் கிளாஸ் என்பார்கள். ‘கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட்’ ஆகியவை மோடல்கள். இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள்கூட, ஒன்றுக்குள் மற்றொன்றை வைக்கும்போது தடுமாறுகிறார்கள். காரணம் ஆங்கிலத்தின் சிக்கல் மட்டும் இல்லை. தமிழில் அந்த இடம் வேறு மாதிரி அமைந்திருக்கிறது.

நமக்கு ‘ஹூ’ கிடையாது. ‘வந்த பையன்’, ‘வருகிற பையன்’, ‘வராத பையன்’ என்று வினையையே கொஞ்சம் மாற்றிப் பெயருக்கு முன்னால் வைத்துவிடுகிறோம். அதுதான் பெயரெச்சம். தொல்காப்பியம் இதற்கு ‘செய்யும்’, ‘செய்த’ என்று இரண்டு வாய்பாடுகள் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலில் ‘செய்கின்ற’ சேர்ந்து மூன்றாகிறது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும், இந்த மொழிகளில் ஐரோப்பிய மொழிகளைப் போன்ற இணைப்புப் பெயர்கள் இல்லை, பெயரெச்சமே அந்த வேலையைச் செய்கிறது என்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆங்கிலத்தில் ரிலேட்டிவ் கிளாஸ் என்பது ஒரு முழு வாக்கியத்தைப் போன்றது. அதற்கு எழுவாய் உண்டு, காலம் உண்டு, துணைவினைகள் வரிசையாக நிற்க இடம் உண்டு. பெயரெச்சமோ இறுக்கிக் கட்டிய மூட்டை. காலமும் எதிர்மறையும் அதில் கொள்ளும். எல்லாத் துணைவினைகளும் கொள்ளாது.

‘வரலாம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பையன் வரலாம்’ சரி. அதைப் பையனுக்கு முன்னால் கொண்டுபோய் ‘வரலாம் பையன்’ என்று சொல்ல முடியாது. இன்றைய தமிழில் ‘-லாம்’ வாக்கியத்தை முடித்துவைக்கும் சொல். அதற்குப் பெயரெச்சமே இல்லை. ‘வரட்டும்’ என்பதற்கும் இல்லை. அப்படியானால் ‘தி பாய் ஹூ மே கம்’ என்பதை எப்படிச் சொல்வது? ‘வரக்கூடிய பையன்’ என்று ‘கூடிய’வைக் கூப்பிடலாம். ‘வரலாம் என்று எதிர்பார்க்கப்படும் பையன்’ என்று ‘என்று’ போட்டுச் சுற்றி வரலாம். நம் செய்தித்தாள்களில் ‘திருடியதாகக் கூறப்படும்’, ‘தொடர்பிருப்பதாகச் சந்தேகிக்கப்படும்’ என்ற தொடர்கள் தினமும் வருவது இதனால்தான். ஆங்கிலம் ஒரே வினையடையில் முடிக்கிற வேலைக்கு நாம் இன்னொரு வினையை அழைத்துவருகிறோம்.

பேச்சில் நாம் பெரும்பாலும் இந்த இரண்டையும் செய்வதில்லை. ஐயத்தை அப்படியே கழற்றி வாக்கியத்தின் கடைசிக்கு அனுப்பிவிடுகிறோம். ‘இந்தக் கூட்டத்தில் கடலையே பார்த்திராதவர்கள் இருக்கலாம்’ என்போம். ஆங்கிலத்தில் அதே செய்தி ‘பீப்பிள் ஹூ மே நெவர் ஹேவ் சீன் தி சீ’ என்று உட்தொடருக்குள்ளேயே அடங்கும். ‘எடுத்தவன் இவனாக இருக்கலாம்’ என்பதும் அப்படித்தான். எடுத்தது உறுதி, யார் என்பதில்தான் ஐயம். அந்த ஐயம் கடைசியில் வந்து உட்காருகிறது. கடைசிச் சொல் வரை காத்திருந்து அர்த்தம் புரிந்துகொள்வது நமக்குப் பழக்கம். ஆங்கில வாசகர் காத்திருக்க மாட்டார். ‘ஹூ’வுக்கு அடுத்த இரண்டு மூன்று சொற்களிலேயே இது நடந்ததா, நடக்கக்கூடியதா, நடந்திருக்க வேண்டியதா என்று தெரிந்துகொள்ள எதிர்பார்ப்பார். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது மோடல் காணாமல் போவது அந்த இடத்தில்தான்.

‘கூடிய’வைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டிவியில் நேரலையில் பேசும் செய்தியாளரைக் கவனியுங்கள். ‘இங்கே இருக்கக்கூடிய மக்கள், நடைபெறக்கூடிய இந்த நிகழ்ச்சிக்கு வந்திருக்கக்கூடிய அமைச்சர்’ என்று போய்க்கொண்டே இருப்பார். மக்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. அமைச்சர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார். எதிலும் ஐயம் இல்லை. அடுத்த சொல்லைத் தேடுவதற்கு அரை விநாடி அவகாசம் வாங்கித் தருவதுதான் அங்கே ‘கூடிய’வின் உத்தியோகம். இந்தப் பழக்கம் இப்போது மேடைக்கும் கருத்தரங்குக்கும் பரவிவிட்டது. இதை ஆங்கிலமாக்கும் ஒருவர் ‘தி பீப்பிள் ஹூ மே பி ஹியர்’ என்றோ ‘தி மினிஸ்டர் ஹூ கேன் ஹேவ் கம்’ என்றோ எழுதினால், அமைச்சர் வந்தாரா இல்லையா என்பதே சந்தேகமாகிவிடும். ‘தி மினிஸ்டர் ஹூ ஹேஸ் கம்’ போதும். ‘கூடிய’வை எடுத்துவிட்டுப் படித்தாலும் பொருள் மாறவில்லை என்றால், ஆங்கிலத்தில் அதற்கு மோடல் தேவையில்லை. ‘வெடிக்கக்கூடிய சிலிண்டர்’ என்பதில் எடுத்துப் பாருங்கள். ‘வெடிக்கும் சிலிண்டர்’ ஆகிவிடுகிறது. ஆட்கள் ஓடத் தொடங்குவார்கள். அங்கே மோடல் இல்லாமல் ஒப்பேற்ற முடியாது. ‘எ சிலிண்டர் தட் மே எக்ஸ்ப்ளோட்’ என்றுதான் எழுத வேண்டும்.

‘கூடிய’வை எதிர்மறையாக்கினால் இன்னொரு வேடிக்கை. ‘பூக்கக்கூடிய செடி’ என்றால் பூக்கும் தன்மை உள்ள செடி. ‘பூக்கக்கூடாத செடி’ என்றால்? பூக்காத செடி அல்ல. பூப்பதற்குத் தடை விதிக்கப்பட்ட செடி. ‘கூடிய’ இயல்பைச் சொல்கிறது, ‘கூடாத’ தடையைச் சொல்கிறது. ‘சாப்பிடக்கூடாத காளான்’ என்றால் சாப்பிட முடியாத காளான் இல்லை. தாராளமாகச் சாப்பிடலாம், ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு செய்துவிட்டு.

ஆங்கில மோடல்களும் ‘நாட்’ சேர்ந்தால் இப்படித்தான் குணம் மாறும். ‘ஹூ மஸ்ட் கம்’ என்றால் வந்தே தீர வேண்டியவர். அதற்கு மறுதலை ‘ஹூ மஸ்ட் நாட் கம்’ என்று நினைத்தால் தவறு. அது வரவே கூடாதவர். வர வேண்டிய கட்டாயம் இல்லாதவரைச் சொல்ல ‘ஹூ நீட் நாட் கம்’ அல்லது ‘ஹூ டஸ் நாட் ஹேவ் டு கம்’ வேண்டும். ஓர் அலுவலகக் கடிதத்தில் ‘ஸ்டாஃப் ஹூ மஸ்ட் நாட் அட்டெண்ட்’ என்று இருந்தால், அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் கூட்டத்துக்கு வந்தால் கதவை அடைத்துவிடுவார்கள் என்று பொருள். எழுதியவர் நினைத்ததோ ‘இவர்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை’ என்கிற சலுகையாக இருக்கலாம். தமிழிலும் இதற்கு நேரான பெயரெச்சம் வழுக்குகிறது. ‘வர வேண்டாதவர்’ என்று சுருக்கினால் பாதிப் பேர் காதில் ‘வேண்டாதவர்’ மட்டும் விழும், பகை வந்து சேரும்.

‘மே நாட்’ இதைவிட ஆபத்தானது. ‘விசிட்டர்ஸ் ஹூ மே நாட் என்டர் தி வார்டு’ என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. வார்டுக்குள் நுழைய அனுமதி இல்லாத பார்வையாளர்கள் என்பது ஒன்று. நுழையாமலே திரும்பிப் போய்விடக்கூடிய பார்வையாளர்கள் என்பது இன்னொன்று. பேச்சில் அழுத்தம் காட்டிக் கொடுத்துவிடும். எழுத்தில் அந்த உதவி கிடையாது. அனுமதி இல்லை என்பதுதான் கருத்தென்றால் ‘ஹூ ஆர் நாட் அலவுட் டு என்டர்’, ஐயம்தான் கருத்தென்றால் ‘ஹூ மைட் நாட் என்டர்’ என்று எழுதிவிடுவது நல்லது.

இனி ‘வேண்டிய’. மோடல்களுக்கான தமிழ்ப் பெயரெச்சங்களில் இதுதான் கெட்டிக்காரச் சொல். ‘கட்ட வேண்டிய கட்டணம்’, ‘பார்க்க வேண்டிய படம்’, ‘வந்திருக்க வேண்டிய பஸ்’ என்று எங்கும் பொருந்தும். ‘அவர் இந்நேரம் வந்திருக்க வேண்டும்’ என்று முற்றாகச் சொல்லும்போது அதற்கு இரண்டு பொருள் உண்டு. வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னால், வந்திருக்கிறார் என்கிற ஊகம். கடிகாரத்தைப் பார்த்து எரிச்சலோடு சொன்னால், வர வேண்டிய நேரமாகியும் வரவில்லை என்கிற குறை. ஆங்கிலம் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. முதலாவதற்கு ‘மஸ்ட் ஹேவ் கம்’, இரண்டாவதற்கு ‘ஷுட் ஹேவ் கம்’. ஆனால் ‘வந்திருக்க வேண்டிய விருந்தாளி’ என்று பெயரெச்சமாக்கிவிட்டால் ஊகப் பொருள் உதிர்ந்துவிடுகிறது. அவர் வரவில்லை என்பது மட்டுமே மிஞ்சுகிறது. எனவே ‘வந்திருக்க வேண்டிய’ என்று பெயருக்கு முன்னால் கண்டால், யோசிக்காமல் ‘ஹூ ஷுட் ஹேவ் கம்’ என்று எழுதலாம். ‘ஹூ மஸ்ட் ஹேவ் கம்’ என்று எழுதிவிட்டால் வராதவர் வந்தவராகிவிடுவார். ‘தி இன்ஜினியர் ஹூ மஸ்ட் ஹேவ் செக்ட் தி பிரிட்ஜ்’ என்றால் பாலத்தைச் சோதித்திருப்பார் என்று நாம் நம்பும் இன்ஜினியர். ‘ஹூ ஷுட் ஹேவ் செக்ட்’ என்றால் சோதிக்காமல் விட்ட இன்ஜினியர். விசாரணை அறிக்கையில் இந்த ஒரு சொல் ஒருவருடைய வேலையைத் தீர்மானிக்கும்.

‘வேண்டிய’வை ஒவ்வொரு முறையும் ‘விச் ஷுட் பி’ என்று இழுக்கவும் அவசியமில்லை. ஆங்கிலத்துக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ‘திங்ஸ் டு டூ’ என்றால் செய்ய வேண்டிய வேலைகள். ‘பில்ஸ் டு பி பெய்ட்’ என்றால் கட்ட வேண்டிய பில்கள். ‘தி மேன் டு சீ’ என்றால் இந்த விஷயத்துக்குப் பார்க்க வேண்டிய ஆள். ‘டு’ போட்ட அந்தச் சிறு தொடரில் ‘ஷுட்’, ‘கேன்’ எதுவும் இல்லை. ஆனாலும் அவற்றின் பொருள் உள்ளே இருக்கிறது. ‘ஐ நீட் எ புக் டு ரீட்’ என்பதில் படிக்க வேண்டிய புத்தகமா, படிக்கத் தோதான புத்தகமா என்று ஆங்கிலம் பிரித்துச் சொல்வதும் இல்லை. கவனம் தேவைப்படுவது ‘ஃபர்ஸ்ட்’, ‘லாஸ்ட்’, ‘ஒன்லி’ வரும் இடங்களில். ‘தி ஃபர்ஸ்ட் பர்சன் டு கம்’ என்பதில் கடமை ஏதும் இல்லை. முதலில் வந்தவர், அவ்வளவுதான்.

சுருக்குவதற்கு இன்னொரு வழியும் உண்டு, அதில்தான் மோடல் பலியாகும். ‘பீப்பிள் ஹூ ஆர் வெயிட்டிங் அவுட்சைட்’ என்பதை ‘பீப்பிள் வெயிட்டிங் அவுட்சைட்’ என்று குறைக்கலாம். ‘பீப்பிள் ஹூ மே பி வெயிட்டிங் அவுட்சைட்’ என்பதை அப்படிக் குறைக்க முடியாது. குறைத்தால் வெளியே ஆள் இருப்பது உறுதியாகிவிடும். ‘ஹூ’வுக்கு நேரே அடுத்து மோடல் வந்தால் ‘ஹூ’வை வெட்டக் கூடாது. எழுத்தைச் செம்மைப்படுத்துகிறேன் என்று கத்தரி எடுப்பவர்கள் அடிக்கடி மறப்பது இதை.

‘குட்’ பற்றிச் சுருக்கமாக. ‘கடைசி டிக்கெட்டை வாங்க முடிந்தவர்’ என்றால் அவர் கையில் டிக்கெட் இருக்கிறது. ‘தி மேன் ஹூ குட் கெட் தி லாஸ்ட் டிக்கெட்’ என்றால் ஆங்கிலக் காதுக்கு, அவர் வாங்கிவிடக்கூடும், இன்னும் வாங்கவில்லை என்றுதான் முதலில் கேட்கும். ஒருமுறை நடந்து முடிந்த காரியத்துக்கு ‘ஹூ வாஸ் ஏபிள் டு கெட்’ அல்லது ‘ஹூ மேனேஜ்ட் டு கெட்’ பாதுகாப்பு. வெறுமனே ‘ஹூ காட்’ என்றாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘முடியாதவர்’ என்பதற்கு இந்தச் சிக்கல் இல்லை, ‘ஹூ குட் நாட் கெட்’ தாராளமாகப் போகும்.

தமிழரின் ஆங்கிலத்தை உடனே அடையாளம் காட்டும் மோடல் ‘வில்’. ‘தினமும் பால் கொண்டுவரும் பெண்’ என்பதில் ‘கொண்டுவரும்’ எதிர்காலம் இல்லை, வழக்கம். தொல்காப்பியத்தின் ‘செய்யும்’ இன்னும் அப்படியேதான் உழைத்துக்கொண்டிருக்கிறது. இன்று வருவதும், நாளை வரப்போவதும், நாற்பது வருஷத்துக்கு முன்பு தவறாமல் வந்துகொண்டிருந்ததும் எல்லாம் அதற்குள் அடங்கும். நாமோ அதை எதிர்காலம் என்று பள்ளியில் படித்துவிட்டதால் ‘தி வுமன் ஹூ வில் பிரிங் மில்க் டெய்லி’ என்கிறோம். கேட்கிறவர், ‘அப்படியா, எப்போதிலிருந்து?’ என்று கேட்பார். வழக்கத்துக்கு ‘ஹூ பிரிங்ஸ்’. அந்தக் காலத்து வழக்கம் என்றால் ‘ஹூ வுட் பிரிங்’ அல்லது ‘ஹூ யூஸ்ட் டு பிரிங்’. ‘வுட்’ போடும்போது எந்தக் காலம் என்பது பக்கத்தில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ‘ஹூ வுட் ஹெல்ப் அஸ்’ என்பது, கேட்டால் உதவக்கூடியவர் என்று திரும்பிவிடும். செயலாக இல்லாமல் நிலையாக இருப்பதற்கு ‘வுட்’ உதவாது. இங்கே முன்பு நின்ற வீடு ‘எ ஹவுஸ் தட் யூஸ்ட் டு ஸ்டாண்ட் ஹியர்’தான்.

வடிவத்தைப் பொறுத்தவரை மோடல்கள் சாது. ‘ஹூ கேன் ஸ்விம்ஸ்’ என்று வால் ஒட்ட வேண்டாம், ‘ஹூ வில் கேன்’ என்று இரண்டை அடுக்க வேண்டாம். ‘வில் பி ஏபிள் டு’ இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ‘மைட் குட்’ என்று அடுக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. அது அவர்கள் ஊர்ப் பேச்சு, தேர்வுத்தாளுக்கு ஆகாது.

வினையடைக்கு வருவோம். தமிழில் அது வினைக்கு முன்னால் எங்கேயாவது நின்றால் போதும். ஆங்கிலத்தில் ‘ஆல்வேஸ்’, ‘ஆஃபன்’, ‘நெவர்’, ‘ஈஸிலி’ போன்றவற்றுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். வெறும் வினை என்றால் அதற்கு முன்னால்: ‘ஹூ ஆல்வேஸ் கம்ஸ்’. ‘இஸ்’, ‘வாஸ்’ என்றால் அதற்குப் பின்னால்: ‘ஹூ இஸ் ஆல்வேஸ் லேட்’. துணைவினைகள் பல இருந்தால் முதலாவதற்குப் பின்னால். மேலே பார்த்த ‘மே நெவர் ஹேவ் சீன்’ என்பதில் ‘மே’வுக்கும் ‘ஹேவ்’வுக்கும் நடுவில் ‘நெவர்’ புகுந்தது அந்தக் கணக்கில்தான். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் மட்டும் உட்கார வைக்கக் கூடாது. ‘ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசும்’ என்று வினையடையை வினையோடு ஒட்டியே பழகிய நாக்கு, ‘ஹூ ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்’ என்று சொல்லிவிடும். ‘ஹூ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ஃப்ளூயன்ட்லி’ என்பதே சரி.

எதிர்மறை வந்தால் இரண்டு சொற்கள் இடம் மாறும். ‘அநேகமாக வராத விருந்தாளி’ என்பதற்கு ‘ஹூ புராபப்ளி வோண்ட் கம்’. இங்கே ‘புராபப்ளி’ துணைவினைக்கு முன்னால் போய்விட்டது. ‘இன்னும் வராத பணம்’ என்பதற்கு ‘தி மணி தட் ஸ்டில் ஹேஸ் நாட் கம்’. ‘யெட்’ போடுவதானால் கடைசியில்: ‘தட் ஹேஸ் நாட் கம் யெட்’. நாம் வழக்கமாகச் சொல்லும் ‘ஸ்டில் நாட் கேம்’ எந்த நாற்காலியிலும் சேராது.

மோடலும் வினையடையும் ஒன்றாக வரும்போது இரண்டும் ஒரே பக்கம் இழுக்க வேண்டும். ‘ஹூ மே பாசிப்ளி கம்’, ‘ஹூ வில் டெஃபனிட்லி கம்’ என்பன ஒத்துப்போகும். ‘ஹூ மே டெஃபனிட்லி கம்’ ஒத்துப்போகாது. வருவாரோ மாட்டாரோ என்பதையே உறுதியாகச் சொல்வது போல ஆகிவிடும். நாம் ஏன் அப்படிச் சொல்கிறோம் என்றால், ‘கண்டிப்பாக வரலாம்’ தமிழில் மிகச் சரியான வாக்கியம். ‘தாராளமாக வாருங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்’ என்கிற அனுமதி அது. ‘-லாம்’ அங்கே ஐயத்தைக் குறிக்கவில்லை.

ஒரு வினையடை உட்தொடரின் கடைசியில் வந்து நிற்கும்போது நிலைமை சுவாரசியமாகிறது. ‘சில்ட்ரன் ஹூ ரீட் ஆஃபன் ரைட் வெல்’. இதில் ‘ஆஃபன்’ யாருடையது? அடிக்கடி படிக்கும் குழந்தைகள் நன்றாக எழுதுகிறார்களா, படிக்கும் குழந்தைகள் பல சமயம் நன்றாக எழுதுகிறார்களா? ஒரு பக்கம் ‘ரீட்’, மறுபக்கம் ‘ரைட்’, நடுவில் நிற்கும் ‘ஆஃபன்’ இரண்டு பக்கமும் பார்க்கிறது. ஆங்கில இலக்கணக்காரர்கள் இதை மாறுகண் என்றே கேலி செய்கிறார்கள். ‘ஹூ ஆஃபன் ரீட்’ என்று முன்னால் தள்ளினால் படிப்புக்குச் சொந்தம். எழுத்துக்குச் சொந்தமாக்க ஒரு மோடலை இறக்கலாம்: ‘சில்ட்ரன் ஹூ ரீட் கேன் ஆஃபன் ரைட் வெல்’. ‘கேன்’ வந்த இடத்தில் உட்தொடர் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு நிற்கும் ‘ஆஃபன்’ பிரதான வினையைத்தான் சேரும். நமக்கும் இந்தக் குழப்பம் உண்டு, எதிர்முனையில். ‘நேற்று வந்த பையனைப் பார்த்தேன்’ என்றால் அவன் வந்தது நேற்றா, நான் பார்த்தது நேற்றா? தமிழில் பெயரெச்சம் முன்னால் வருவதால் மோதலும் முன்னால் நடக்கிறது, ஆங்கிலத்தில் பின்னால்.

‘ஒன்லி’ தனியாகப் பேச வேண்டிய பிரகிருதி. வேலைக்கு ஆள் தேடும் விளம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ‘தமிழ் பேசத் தெரிந்தவர்கள் மட்டும்’, ‘தமிழ் மட்டும் பேசத் தெரிந்தவர்கள்’, ‘தமிழைப் பேச மட்டும் தெரிந்தவர்கள்’. மூன்று விதமான ஆட்கள். முதல் விளம்பரத்துக்கு வருகிறவர் பத்து மொழி அறிந்தவராகவும் இருக்கலாம். இரண்டாமவருக்கு வேறு மொழி தெரியாது. மூன்றாமவருக்குத் தமிழை எழுதப் படிக்கத் தெரியாது. ‘மட்டும்’ எதைக் கட்டுப்படுத்துகிறதோ அதன் பின்னாலேயே போய் ஒட்டிக்கொள்கிறது, சந்தேகமே வராது. ஆங்கில ‘ஒன்லி’ முன்னால் நிற்கும். ஆகவே வரிசையாக: ‘ஒன்லி தோஸ் ஹூ கேன் ஸ்பீக் டமில்’, ‘தோஸ் ஹூ கேன் ஸ்பீக் ஒன்லி டமில்’, ‘தோஸ் ஹூ கேன் ஒன்லி ஸ்பீக் டமில்’. கடைசி வரியைத்தான் பலர் மூன்றுக்கும் பொதுவாக எழுதிவைக்கிறார்கள். ஆங்கிலேயர்களே பேச்சில் அப்படி ‘கேன்’ பக்கத்தில் ‘ஒன்லி’யைப் போட்டுவிட்டு அழுத்தத்தால் சமாளிப்பதுண்டு. விளம்பரத்தில் அழுத்தம் கொடுக்க முடியாது. அது மட்டுமில்லாமல், ‘தமிழ் பேசத் தெரிந்தவர்கள் மட்டும்’ என்கிற ஓசையிலேயே ‘தோஸ் ஹூ கேன் ஸ்பீக் டமில் ஒன்லி’ என்று கடைசியில் தொங்கவிட்டால், அது இரண்டாவது ஆளைத்தான் அழைக்கிறது.

காற்புள்ளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், மோடல் இருக்கும் இடத்தில் அதன் வீச்சு பெரிது. ‘மெடிசின்ஸ் தட் மே காஸ் டிரவுசினஸ்’ என்றால் மருந்துகளுக்குள் தூக்கம் வரவழைக்கக்கூடியவை மட்டும். ‘மெடிசின்ஸ்’ என்பதற்குப் பிறகு காற்புள்ளி போட்டு ‘விச் மே காஸ் டிரவுசினஸ்’ என்றால், பேசப்படும் எல்லா மருந்துகளுக்குமே அந்தக் குணம் உண்டு. தமிழ்ப் பெயரெச்சம் இந்தப் பிரிவினையைக் காட்டாது. ‘பத்தாம் வகுப்பு படிக்கும் என் தம்பி’ என்றால் எனக்கு எத்தனை தம்பிகள் என்று தெரியாது. காற்புள்ளி இல்லாமல் ‘மை பிரதர் ஹூ’ என்று ஆங்கிலத்தில் தொடங்கினால், வேறு சகோதரர்களும் வீட்டில் இருக்கிறார்கள் என்றாகும். பிரித்துக்காட்டும் தொடருக்கு ‘தட்’, கூடுதல் தகவலுக்கு ‘விச்’ என்று வைத்துக்கொண்டால் நல்லது என ஆங்கில இலக்கணக்காரர் ஃபவுலர் 1926இல் தம் மொழிவழக்கு அகராதியில் யோசனை சொன்னார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பலர் அதைக் கறாராகப் பிடித்துக்கொண்டார்கள், பிரிட்டனில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. காற்புள்ளிக்குப் பிறகு ‘தட்’ போடக் கூடாது என்பதில் மட்டும் இரு கரையிலும் சண்டை இல்லை.

‘ஃபார்ச்சுனேட்லி’, ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ போன்ற வினையடைகள் செயலைப் பற்றியவை அல்ல; சொல்கிறவரின் மனநிலையைச் சொல்கிறவை. அவற்றுக்குக் காற்புள்ளி போட்ட தொடரே ஏற்ற இடம். ‘தி டிரைவர்’, காற்புள்ளி, ‘ஹூ ஃபார்ச்சுனேட்லி வாஸ் வேரிங் எ பெல்ட்’. தமிழில் ‘நல்லவேளையாக பெல்ட் போட்டிருந்த டிரைவர்’ என்று எழுதினால் ஏதோ இடிக்கிறது. ‘டிரைவர் நல்லவேளையாக பெல்ட் போட்டிருந்தார்’ என்று தனி வாக்கியமாக்கிவிடுவதுதான் நம் வழி. அப்படிப் பிரித்து எழுதுவதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் ஒரு தொடருக்குள் மோடல், வினையடை, எதிர்மறை மூன்றையும் திணித்து அது மூச்சு முட்டினால், உடைத்து எழுதுவதே மேல்.

கடைசியாக ‘ஹூம்’. ‘வரலாம் என்று நான் நினைக்கும் ஆள்’ என்பதில் நமக்குச் சிரமமே இல்லை. ‘-லாம்’ தன் முடிவுச் சொல் குணத்தோடு ‘என்று’க்கு முன்னால் நிம்மதியாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அது ‘தி மேன் ஹூ ஐ திங்க் மே கம்’. ‘ஐ திங்க்’ நடுவில் புகுந்ததும், அதற்கு ஏதோ ஒரு செயப்படுபொருள் வேண்டுமே என்று பயந்து ‘ஹூம் ஐ திங்க் மே கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பத்திரிகைக்காரர்களும் இதில் விழுவதுண்டு. ‘ஐ திங்க்’கை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். ‘ஹூ மே கம்’ மிஞ்சுகிறது. ‘ஹூம் மே கம்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். ‘தி மேன் ஹூம் ஐ திங்க் வி ஷுட் இன்வைட்’ என்பதில் அதே மாதிரி மறைத்துப் பார்த்தால் ‘ஹூம் வி ஷுட் இன்வைட்’. அங்கே நாம் அழைப்பவர் அவர், ஆகவே ‘ஹூம்’ சரி. இரண்டிலும் தயக்கமாக இருந்தால் அந்தச் சொல்லையே விட்டுவிடலாம். ‘தி மேன் ஐ திங்க் மே கம்’ என்றுதான் அவர்களும் பாதி நேரம் பேசுகிறார்கள்.